வன்முறை எங்கே தொடங்குகிறது?
குமாரி ஜயவர்தனவின் நூல்கள் மலையகத்துக்குத் தரும் பாடம்

கலவரம் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டப்புறத்துக் குடும்பங்களின் மனத்திலே சில ஆண்டுகள் எழுந்து நிற்கும்: 1977, 1981, 1983. எரிந்த லயங்களையும், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தேயிலை மலைக்குள் இரவைக் கழித்த தாய்மாரையும், மூட்டை முடிச்சோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேர்ந்த குடும்பங்களையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகள் பெரும்பாலும் ஒரே விதமாகத் தொடங்கும்: "திடீரென்று கூட்டம் வந்தது."

அனுபவித்தவர்களுக்கு அது திடீரென்றுதான் வந்தது. அதிலே ஐயமில்லை. ஆனால் கூட்டம் வருவதற்கு முன் என்ன நடந்தது? அதற்கு வழிவிட்டவர்கள் யார்? தெரிந்தும் வாய் மூடியிருந்தவர்கள் யார்? இவற்றைக் கேட்பது வரலாற்று ஆசிரியரின் வேலை. மனச்சாட்சி உள்ள எவரும் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே. இந்த வேலையை நம் நாட்டில் நீண்ட காலம் செய்த ஒருவரின் நூல்களை இவ்வாரப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

யார் இவர்?

குமாரி ஜயவர்தன 1931ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். தந்தை சிங்களவர், தாய் ஆங்கிலேயப் பெண்மணி. லண்டனில் உயர்கல்வி பெற்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்பித்தார். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய அவருடைய பெருநூல் 1972ஆம் ஆண்டு வெளியாயிற்று. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பொருளாதார, அரசியல் காரணங்களை ஆராயும் கட்டுரையை அதற்கு முன்பே, 1970இல், எழுதியிருந்தார். 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின், இனப்பகையும் வர்க்கப் போராட்டமும் இந்நாட்டில் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை ஒரு நூலாகத் தந்தார். 2015இல் ரேச்சல் குரியனோடு சேர்ந்து, மலையகத் தோட்டங்களின் இருநூறு ஆண்டு அதிகாரத்தையும் எதிர்ப்பையும் பற்றி ஒரு விரிவான நூலை வெளியிட்டார்.

நம்மவர் அல்லாத ஒருவர் நம்மைப் பற்றி இவ்வளவு உழைத்து எழுதியிருக்கிறார். வன்முறை செய்த பக்கம் தம்முடைய இனமாக இருந்தபோதும் அவர் அதை மறைக்கவில்லை. ஆகவே அவருடைய நூல்களை வெறும் தகவலுக்காக மட்டும் படித்தல் போதாது. உண்மையை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ளவும் படிக்க வேண்டும்.

முதற் பாடம்: எதிரி மாறுகிறான், முறை மாறுவதில்லை

நூறு ஆண்டுக் கலவரங்களை ஒன்றன் பின் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார் ஜயவர்தன. 1883இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் மோதல். 1915இல் முஸ்லிம்கள்மேல் தாக்குதல். கம்பளையில் பெரஹரா செல்லும் பாதை பற்றி எழுந்த வழக்கின் பின்னணியில், கண்டியிலே மே மாத இறுதியில் மூண்ட தீ பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. 1930களில் கொழும்பிலே வேலை செய்த மலையாளிகளுக்கு எதிரான இயக்கம். அதன்பின் தோட்டத் தொழிலாளர். அதன்பின் தமிழர் அனைவரும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். குறி வைக்கப்பட்டவர்களின் மதம் வேறு, மொழி வேறு, தொழில் வேறு. ஆனால் நடந்த முறை பெரும்பாலும் ஒன்றே. முதலில் ஒரு கஷ்ட காலம் வரும்: போர்க்காலத்து விலையேற்றம் அல்லது வேலையில்லாத் திண்டாட்டம். பின்னர் அந்தக் கஷ்டத்துக்குக் காரணமாக ஒரு சிறு கூட்டத்தார் கைநீட்டிக் காட்டப்படுவர். பத்திரிகையிலும் மேடையிலும் அவர்களை இழித்துப் பேசுவது வழக்கமாகிவிடும். வழக்கமாகிவிட்ட பேச்சை எவரும் குற்றமாக எண்ணமாட்டார்கள். கல்லும் நெருப்பும் கடைசியில்தான் வரும்.

கத்தோலிக்கராகிய நாம் 1883ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, புனித லூசியா பேராலயத்துக்கு அண்மையிலே, பௌத்தரின் ஊர்வலத்தைத் தாக்கியது கத்தோலிக்கக் கூட்டம். இரத்தம் சிந்திற்று. வரலாறு நமக்கு இதமான பகுதிகளை மாத்திரம் எடுத்துக் கொடுப்பதில்லை. அடிபட்டவர்களாக நம்மை நினைத்துப் பழகிய நமக்கு, அடித்தவர்களின் வரிசையிலும் நம்முடைய பெயர் இருக்கிறது என்பது கசப்பான உண்மை. அந்தக் கசப்பு மருந்து, துப்பிவிடலாகாது.

இரண்டாம் பாடம்: காகிதத்திலும் வன்முறை உண்டு

சர்வாதிகாரம் என்றால் ஹிட்லரையும் ஸ்டாலினையும் நினைப்போம். சாதாரண கொடுங்கோலன் மக்களின் கீழ்ப்படிதலைக் கேட்பான். முழுமையான சர்வாதிகாரமோ மனிதனுடைய வேலை, வீடு, பயணம், பேச்சு, நினைவு எல்லாவற்றையும் தன் கைக்குள் கேட்கும். நம் தோட்டங்களை ஹிட்லரின் கொலை முகாம்களோடு சமமாக வைப்பது தவறு. அளவு தெரியாமல் பேசுவது வரலாறாகாது. எனினும், ஒருவனுடைய வேலையும் கூரையும் உணவும் நடமாட்டமும் ஒரே கைக்குள் சேரும்போது அவனுக்கு என்ன நேரும் என்பதை அறிய நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை.

அக்காலத்தில் ஒரு தோட்டத்துக் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கங்காணி துரையிடம் "துண்டு" வாங்க வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று அதிலே எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கடன் அங்கே மறுபடியும் ஆட்களின் தலையில் ஏறும். ஆள் நடந்தான், கடனும் கூடவே நடந்தது. 1900களின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த அந்தத் தகரம், வருபவன் எங்கே போய்ச் சேர வேண்டியவன் என்பதைச் சொல்லிற்று. தோட்டத்தை விட்டு நீங்குபவன் பத்துச் சீட்டு இல்லாமல் வேறிடத்தில் பேர் பதிய முடியாது. சொல்லாமல் வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்பவும் 19ஆம் நூற்றாண்டின் தொழிற் சட்டங்கள் இடம் கொடுத்தன. கடனுக்கும் கூலிக்கும் உரிய விஷயம் குற்றவியல் விஷயமாக்கப்பட்டது.

இதிலே துப்பாக்கி இல்லை; பிரம்புகூட எப்போதும் தேவைப்படவில்லை. ஒரு துண்டுக் காகிதம் போதுமாயிருந்தது. பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்துப் போராடிய பின்னரே, 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது; சிறைத் தண்டனையும் 1920களின் தொடக்கத்தில் நீங்கிற்று. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இல் வந்தது.

ஆனால் காகிதத்தின் கதை அங்கே முடியவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே, சுதந்திர இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. இந்நாட்டிலே பிறந்தவன் தன் தகப்பனும் இங்கே பிறந்தவன் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவு எட்டிப்பாராத லயத்திலே பிறந்தவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அதே ஆண்டு வந்த மற்றொரு சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டும், ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்த மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாடற்ற நிலையின் ஆபத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களுள் ஹன்னா ஆரென்ட் என்ற யூதப் பெண் அறிஞர் முக்கியமானவர். 1933இல் ஜெர்மனியைவிட்டு ஓடியவர்; பல ஆண்டுகள் நாடற்றவராகவே வாழ்ந்து, 1951இல் அமெரிக்கப் பிரஜையானவர். சர்வாதிகாரத்தின் தோற்றுவாய் பற்றிய அவருடைய நூல் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. அவர் கண்ட உண்மையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: குற்றவாளிக்குக்கூடச் சட்டத்திலே ஓர் இடம் உண்டு, நாடற்றவனுக்கோ அதுவும் இல்லை. அவனை அடித்தால் கேட்பாரில்லை என்பது அடிப்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதை மனத்தில் வைத்து நம் ஆண்டுகளுக்குத் திரும்புவோம். 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது டெவன் தோட்டத்தின் சிவனு லட்சுமணன் பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். அதே ஆண்டு ஆகஸ்டில் கலவரம். 1981இல் மீண்டும், 1983இல் மீண்டும். தீ வைத்த கைகள் அந்த ஆண்டுகளுக்கு உரியவை. ஆனால் அந்த வீடுகள் கேட்பாரற்ற வீடுகள் என்று எழுதி வைத்த காகிதம் 1948க்கு உரியது.

மூன்றாம் பாடம்: நல்லவர்களும் மாறிப்போவதுண்டு

வன்முறையைச் செய்பவர்கள் அரக்கர்கள் என்று நினைத்துக்கொண்டால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஜயவர்தனவின் தொழிலாளர் வரலாறு அந்த நிம்மதியைத் தருவதில்லை.

ஏ. ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர். 1923ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் சிங்களவர், தமிழர், மலையாளிகள் எல்லாரையும் ஒரே அணியில் நிறுத்தியவர். மலையகத்தின் முதல் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரும் ஒரு காலத்தில் அவரோடு தோள் சேர்ந்து உழைத்தார். ஆனால் 1930களின் பொருளாதார மந்தத்திலே வேலை அருகியபோது, தம்மைத் தலைவராக்கிய தொழிலாளருள் ஒரு பகுதியினரான மலையாளிகளையே வெளியேறச் சொல்லும் இயக்கத்தைக் குணசிங்க நடத்தினார். ஏழையின் பக்கம் நின்ற நா, இன்னோர் ஏழையைத் துரத்தப் பேசிற்று.

மற்றொன்றையும் பார்ப்போம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்களுள் லங்கா சமசமாஜக் கட்சியினர் முன்னணியில் நின்றனர். அது அவர்களுக்குப் பெருமை. 1964இல் மக்களைப் பங்கிடும் ஒப்பந்தம் எழுதப்பட்டபோதோ, அக்கட்சி அரசாங்கத்துக்குள் அமைச்சர் பதவிகளோடு இருந்தது. தமிழ்த் தலைவர்களும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1948இல் எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதே ஆண்டு அரசாங்கத்தில் சேர்ந்தார். அதை ஏற்காமல் பிரிந்த எஸ். ஜே. வீ. செல்வநாயகம் 1949இல் தனிக் கட்சி கண்டார். மனிதருக்கு ஒரு முறை வந்த துணிவு அடுத்த முறையும் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகத் தேட வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். துண்டைக் கையில் வைத்திருந்த பெரிய கங்காணி வெள்ளைக்காரன் அல்லன். நம் ஊரான், பெரும்பாலும் நம் மொழி பேசியவன், சிலருக்கு உறவினன்கூட. 2015ஆம் ஆண்டு நூல் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. மலையிலே கொழுந்து பறித்து, பிள்ளைக்காம்பராவுக்கும் அடுப்புக்கும் இடையே ஓடிய பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவாயிருந்தது. 1984இல்தான் அது சட்டப்படி சமமாயிற்று. அந்தக் கூலியையும் பல தோட்டங்களில் அவள் கையிலே கொடுக்காமல், கணவனோ தகப்பனோ வாங்கிப் போவது வழக்கமாயிருந்தது. பிரட்டுக்களத்தில் துரைக்கு முன் குனிந்து நின்றவன், லயத்துக்குள் வந்ததும் தானே ஒரு துரையானான். அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையைத் திட்டியவன், மனைவியின் முழுப்பேரையும் சாராயக் கடையில் வைத்தான்.

இதைச் சொல்வது நம்மை நாமே இழிவுபடுத்த அன்று. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கி வரும்போது, கடைசிப் படியில் நிற்கும் பெண்ணையும் பிள்ளையையும் தேடி வரும். சர்வாதிகாரத்தின் கடைசிக் கிளை வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதை வெட்டுவதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை.

"பழையதைக் கிளறலாமா?"

சிலர் கேட்பார்கள்: "நடந்தது நடந்துவிட்டது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் கிடைத்துவிட்டது. இப்போது பழையதைக் கிளறினால் பகைதானே வளரும்?"

கேள்வி நியாயமானது. பதில் சொல்லியாக வேண்டும். பகையை வளர்ப்பது பெரும்பாலும் அரைகுறை நினைவுதான். "சிங்களவர் நம்மை அடித்தார்கள்" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், அவன் நாளைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒவ்வொருவனையும் பயத்தோடும் வெறுப்போடும் பார்ப்பான். இன்ன ஆண்டு, இன்ன சட்டம், இன்னார் கொண்டுவந்தார், இன்னார் எதிர்த்தார் என்று சொல்லிக் கொடுத்தால், பழி உரிய இடத்துக்குப் போகும். பக்கத்துக் கிராமத்துப் பையன் தப்பிவிடுவான். துல்லியமான வரலாறு நீதிக்கு மட்டுமல்ல, அன்புக்கும் தேவை.

மேலும், துல்லியமான வரலாற்றிலே எதிர்த்து நின்றவர்களும் தெரிவார்கள். நடேசய்யரோடு தோட்டந் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளரை விழிப்பூட்டிய மீனாட்சியம்மாள் தெரிவார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வுக்கான போராட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தன் தெரிவார். 1972இல் கண்டியிலே சத்யோதயம் நிலையத்தைத் தொடங்கி, சிங்களக் கிராமத்தவரையும் தமிழ்த் தோட்டத்தவரையும் ஒரே பாயில் உட்காரவைக்க உழைத்த இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தெரிவார். "காலம் அப்படி, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்று சொல்பவர்களுக்கு இவர்களே மறுமொழி. காலம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் செய்தவர்கள் இருந்தார்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில் நாம் "நான் கெட்டவன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவதில்லை. எதை, எப்போது, யாருக்குச் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறோம். ஒரு சமூகம் தன் வன்முறையை ஆராய்வதும் அவ்வாறே அமைய வேண்டும். பொதுவான வருத்தம் எவரையும் திருத்தாது.

குடும்பத்தில் கலந்து பேச

1. நம் குடும்பத்திலே துண்டு, தகரச் சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பம், கடவுச்சீட்டு போன்ற பழைய காகிதங்களோ அவற்றைப் பற்றிய நினைவுகளோ உண்டா? பாட்டன் பாட்டியிடம் கேட்டு, ஆண்டும் இடமும் பெயரும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. இப்போது நம் ஊரிலே எந்தக் கூட்டத்தாரைப் பற்றி இழிவாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது? வேறு மதத்தவரா, வேறு சாதியினரா, புதிதாக வந்து குடியேறியவர்களா? அந்தப் பேச்சு நம் வீட்டுச் சாப்பாட்டு வேளையிலும் நடக்கிறதா?

3. வீட்டிலே வரும் சம்பளம் யார் கையில் சேர்கிறது? அதை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும்போது தாயின் சொல்லுக்கு இடம் உண்டா?

4. ஓர் அநியாயத்தைக் கண்டு நாம் பேசாமலிருந்த வேளை எது? அன்று பேசியிருந்தால் எதை இழந்திருப்போம்?

கூட்டம் வாசலுக்கு வந்த பிறகு ஒரு குடும்பத்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதற்கு வெகு காலம் முன்னே, ஒரு கேலிச் சொல் சிரிப்போடு ஏற்கப்படும்போது, ஓர் அநியாயக் காகிதம் எதிர்ப்பின்றிக் கையெழுத்தாகும்போது, செய்யக்கூடியது நிறைய உண்டு. அந்த நேரத்தை அடையாளம் கண்டுகொள்வதற்காகவே நாம் வரலாறு படிக்கிறோம்.